கட்டிவைத்த நோட்டீஸ்

அச்சுக்கோக்கிற அவர் மனிதர்களின் குரலை அச்செழுத்தின் அளவில் சொல்வார். முதலாளி பன்னிரண்டு பாயிண்ட். முதலாளியின் சம்சாரம், அதாவது இவருடைய அக்காள், பதினெட்டு. நாடகக் கம்பெனிக்காரர்கள் படியேறும்போதே, "முப்பத்தாறு வருது, காதைப் பொத்தும்" என்பார். என்னுடையது எட்டு.

"எட்டுப் பாயிண்ட்டுல வாசிச்சா எந்தச் சவத்துக்கு வே கேக்கும்? கூட்டி வாசியும் சாமி."

கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பதுதான் அங்கே என் வேலை. அவர் தாம் கோத்த எழுத்தை ஒரு தாளில் ஒற்றி எடுத்து, நான் வாசிக்க வாசிக்க விரலை ஓட்டிக்கொண்டு வருவார். நாலாம் ஃபாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. கூச்சக்காரனுக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுத்த மாதிரி உரக்க வாசிக்கும் வேலை கிடைத்தது.

தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற ஊர் அது; சாலைக் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த அச்சாபீஸ் இருந்தது. ஒரே ஜன்னல். அதற்கு வெளியே இரண்டு முழம் தள்ளி மிளகாய்வற்றல் கிடங்கின் சுவர். வெளியே மழையா வெயிலா என்று வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஜன்னலை ஒட்டி அவர் நிற்பார். பழைய ஆள் ஒருவர் சொல்லாமல் நின்றுபோனபோது, பத்து நாள் உதவிக்கு என்று அக்காள் கோட்டாற்றிலிருந்து வரவழைத்தாளாம். நான் சேர்ந்தபோது அந்தப் பத்து நாள் பத்தொன்பது வருஷமாகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அச்சாபீஸின் பின்வாசலைத் திறந்தால் அக்காளின் அடுக்களை.

"தம்பி, இலை போட்டாச்சு" என்று அந்த அம்மாள் வந்து நின்றால், கையிலிருப்பது எந்த வேலையானாலும் வைத்துவிட்டுப் போவார். முதலாளி சாது. ஒரு நாளும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. கதவு பூட்டியிருந்தால் உடைக்கலாம். எங்கள் அச்சாபீஸ் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது.

அவருக்கென்று ஒரு சொத்து உண்டென்றால் அது கீழ் டிராயரில் இருந்த தடித்த எழுத்து. சொத்து முதலாளியுடையதுதான், சாவி இவருடைய அரைஞாண் கயிற்றில். இவர் வந்த புதிதில், முதலாளியின் தகப்பனார் காலத்தில் கப்பலில் வந்த ஈய எழுத்து. இங்கிலீஷ் பெரிய எழுத்துகள் மட்டும், ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். உடம்பெல்லாம் தடிப்பு; வளைகிற இடத்தில் மட்டும் திடீரென்று மயிரிழையாய் மெலியும். ஒவ்வொரு கம்பத்தின் மேலும் கீழும் பட்டையாக ஒரு விளிம்பு. மற்றவர்கள் தடிச்ச எழுத்து என்பார்கள். அவர் மட்டும் 'பாதம் வச்ச எழுத்து' என்பார்.

"பாதம் என்னத்துக்குத் தெரியுமா வே? நிக்கதுக்கு. ஊனி நிக்கவன் பேச்சைத்தான் நாலு பேரு நம்புவான். நோட்டீஸ்ல தலைப்பு நம்மளப் பாத்து நடந்து வரப்படாது. அது அங்கயே நிக்கணும். நாமதான் கிட்டப் போவணும்."

அந்தக் கூட்டத்தில் ஆர் என்ற எழுத்தை மட்டும் தனியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். இடது கால் கனமாக ஊன்றியிருக்கும். வலது கால் வளைந்து, நுனி மேல்நோக்கித் திரும்பி, ஓரடி எடுத்து வைத்த மாதிரி இருக்கும்.

"இது ஒண்ணுதான் கிளம்பப் போற எழுத்து" என்பார்.

அந்த எழுத்தை யாருக்கு, எங்கே போடுவது என்பதில் அவர் முதலாளி பேச்சையும் கேட்கமாட்டார். ஒரு நோட்டீஸுக்கு ஒரு வரி. வைத்தியர் ஒருவர், தம் லேகியத்தின் குணங்கள் அத்தனையையும் தடித்த எழுத்தில் போடவேண்டும் என்று அரை நாள் நின்றார்.

"வைத்தியரே, எல்லாரும் ஒண்ணாக் கத்துனா சந்தை. ஒருத்தன் மட்டும் கத்துனா எல்லாரும் திரும்பிப் பாப்பான்."

"எங்கில் லேகியத்தின்றெ பேரு மாத்ரம் மதி" என்று, பேர் மட்டும் போதும் என்கிற அளவுக்கு வைத்தியர் இறங்கி வந்தார்.

சாவு அறிவிப்புக்கு அந்த எழுத்தைத் தரவே மாட்டார். "செத்தவனைக் கூப்பிட்டா வரவா போறான்? மெதுவாச் சொன்னா மதி." கல்யாணத்துக்கும் தரமாட்டார், அழைக்கிற இடத்தில் அதட்டக் கூடாது என்பார். கடை திறப்பு, ஏலம், நாடகம், சர்க்கஸ், இவைதான் அவர் கணக்கில் அந்த எழுத்துக்கு ஏற்ற வேலை.

ஒருமுறை கல்லாறு தாண்டி மலைமேல் இருந்த ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து குமாஸ்தா ஒருவர் வந்தார். ஒப்பந்தம் முடியுமுன் லயத்தைவிட்டுப் போகிற கூலிகளைப் பிடித்துத் தண்டிப்போம் என்று இங்கிலீஷில் ஓர் எச்சரிக்கை. கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் ஒட்டவேண்டுமாம்.

"தலைப்பு நல்ல தடிச்சு இரிக்கட்டும், கேட்டோ" என்றார் குமாஸ்தா.

"அங்கன இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்சவன் எத்தனை பேரு?"

"ஒருத்தனுமில்ல அண்ணாச்சி. வாசிக்க எந்தினா? கண்டா பயந்தா மதி."

அன்று அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணமாக வாய் ஓயாது. அன்று வெற்றிலை முறுக்கான்கூடப் போடவில்லை. அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார்.

அந்த எழுத்துகளை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தது. வந்த குமாஸ்தாவுக்குத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

அவர் நிற்கும் மேஜைக்கு அடியில் ஓர் இரும்புத் தட்டு, கிழிந்த வேட்டித்துண்டால் மூடி இருக்கும். நான் சேர்ந்து ஒரு வருஷம் கழித்துத்தான் துணியை விலக்கிக் காட்டினார். எழுத்துகளைக் கோத்து, நாலு பக்கமும் கயிறு சுற்றி இறுக்கிய ஒரு நோட்டீஸ். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் திரும்பித்தான் இருக்கும். எனக்கு அப்படி வாசிக்கப் பழகியிருந்தது. மேல்வரியில், பாதம் வைத்த இங்கிலீஷ் எழுத்தில், 'பிரிண்டிங் பிரஸ்'. அதன்கீழ் தமிழில் கோட்டாறு என்று ஊர். திறக்கும் நாளுக்கு இடம் வெறுமையாக விட்டிருந்தது. கடைசியில் சின்னத் தமிழ் எழுத்தில் அவர் பெயர். பெயருக்குக் கீழே மறுபடியும் பாதம் வைத்த எழுத்தில், 'புரொப்பரைட்டர்'.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை அவர் எழுத விரும்பிய இடம் அது ஒன்றுதான்.

புரொப்பரைட்டர் என்பதன் கடைசி எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஓர் எழுத்தைத் தலைகீழாக நட்டிருந்தார். அச்சாபீஸ் வழக்கம் அது. ஓர் எழுத்து போதாவிட்டால், கிடைக்கும்வரை இன்னொன்றைக் கவிழ்த்து வைத்து இடத்தைப் பிடித்துக்கொள்வது. அச்சடித்தால் அங்கே எழுத்து விழாது. ஈயத்தின் அடிப்பாகம் இரண்டு கறுப்புக் கட்டையாக விழும்.

"இதுக்கு அஞ்சு ஆர் வேணும். இருக்கது நாலு" என்றார். "கப்பல்ல வரும்போதே ஒண்ணு குறைச்சல். அது மட்டும் கிடைச்சா மறுநாள் நான் கோட்டாத்துல நிப்பேன், பாத்துக்கிடும்."

கோட்டாற்றில் அவருடைய சிநேகிதர் ஒருவர் காலால் மிதிக்கிற மிஷின் ஒன்றைப் பழசாக வாங்கிப் போட்டிருந்தார். அவருக்கு வேலை தெரியாது. இவர் வந்தால் திறக்கலாம் என்று கடிதத்தின்மேல் கடிதம் போட்டார்.

"நீரும் வாரும் சாமி. அங்க நீருதான் மானேஜர். எட்டுப் பாயிண்ட் மானேஜர்!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அன்றே போய் என் சம்சாரத்திடம் சொல்லிவிட்டேன்.

நாங்கள் வலியசாலையில் மாமனார் வீட்டில் இருந்தோம். எங்களுக்கென்று இருந்தது மச்சுக்குக் கீழே ஓர் அறை, அதில் பாதி அவர்கள் வீட்டு அண்டா குண்டான்கள். கிணற்றடிக்கு என் முறை, மைத்துனர்கள் மூவரும் குளித்த பிறகு. "மாப்பிள்ளை இன்னிக்கும் யாருக்கோ கதை வாசிச்சுட்டு வந்திருக்கார்" என்று மாமனார் சொன்னால் கூடமே சிரிக்கும். கோட்டாறு என்றதும் என் சம்சாரம் விளக்கைத் தூண்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நெஜமாவா? தனி ஜாகையா?"

"ஒரே ஒரு எழுத்து குறையறது. அது கெடைச்சதும்."

அதற்குப்பின் தினம் சாயங்காலம் காபி டம்ளரோடு அதே கேள்விதான். "அந்த எழுத்து கெடைச்சுதா?"

இதற்கிடையில் அவர் நோட்டீஸ் முழுசாக நின்ற நாள் குறைவு. டிராயரில் இருந்த எழுத்துகள் கொஞ்சம்; நாடகக்காரர்கள் 'கிராண்ட்' என்பார்கள், ஏலக்காரர்கள் வேறொன்று கேட்பார்கள். உடனே குனிந்து கயிற்றை அவிழ்ப்பார். தம் நோட்டீஸிலிருந்து வேண்டிய எழுத்துகளை உருவி, அங்கெல்லாம் வேறு எழுத்தைக் கவிழ்த்து வைப்பார். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் திரும்ப நட்டுக் கயிறு கட்டுவார். மாதத்தில் ஏழெட்டுத் தடவை. தோட்டத்து எச்சரிக்கைக்கும் அங்கிருந்துதான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்த்த சட்டை போட்டு, குடையை எடுத்துக்கொண்டு, கோட்டாற்றுக்குப் போகிற நாகர்கோவில் பஸ் புறப்படும் இடத்துக்குப் போவார். இரண்டொரு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன்.

"இடம் இருக்கா?" என்று கண்டக்டரைக் கேட்பார்.

"உண்டு அண்ணாச்சி, கேறிக்கோ."

"அடுத்த வாரம் பாப்போம்."

"அண்ணாச்சி கேறுன அன்னைக்கு இந்த வண்டி ஓடாது" என்று கண்டக்டர் விசிலடிப்பான். பஸ் திரும்பி மறைகிறவரை நிற்பார். பிறகு, "பின் டயர் தேஞ்சு போச்சு, கவனிச்சீரா?" என்பார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சீமை எழுத்து வருவது நின்றுபோயிருந்தது. மதராஸில் ஒற்றை எழுத்தாகத் தரமாட்டார்கள். புரொப்பரைட்டர் என்பதைத் தமிழில் உரிமையாளர் என்று போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாப்பது வயசுக்கு மேல ஒருத்தன் முதமுதலா தன் பேருக்குப் பக்கத்துல ஒரு சொல்லு போடுதான். அதைச் சின்ன எழுத்துலயா போடச் சொல்லுதீரு?"

பிறகு நான் என் வாழ்க்கையிலேயே துணிச்சலான ஒரு காரியத்தைச் செய்தேன். கோட்டைப் பக்கம் இருந்த இன்னோர் அச்சாபீஸுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், ஓர் எழுத்து இரவல் கேட்டேன். மூன்று தடவை சொன்னபிறகுதான் அவர் காதில் விழுந்தது. கேட்டதும், "எழுத்தா? எழுத்துன்னா? ஒற்றை எழுத்தோ?" என்று உள்ளே இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினார். சிரித்து முடித்துவிட்டு, நல்ல மனிதர், ஒன்று எடுத்துக் கொடுத்தார். அதே உயரம், அதே தடிப்பு. வேர்வைக் கையில் பொத்திக்கொண்டு ஓடிவந்தேன்.

அவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதத்தைப் பாரும். ஓலைக்கீத்து மாதிரி மெல்லிசு. நம்மது பட்டை. இது வேற குடும்பம் வே. சம்பந்தம் ஒத்துவராது."

"பார்க்கறவாளுக்கு என்ன தெரியப் போறது அண்ணாச்சி?"

"எனக்குத் தெரியும்லா?"

எழுத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனது, கேட்கப் போனதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஆவணியில், இருக்கிறபடியே நோட்டீஸை ஒரு தாளில் ஒற்றிக் கோட்டாற்றுக்கு அனுப்பினார். பதில் வந்தது. நான்தான் வாசித்தேன். 'கடைசியில் ரெண்டு கறுப்புக் கட்டை கிடக்கிறதே, அது என்ன? எதுவானாலும் கட்டையோடேயே புறப்பட்டு வாரும். தை பிறந்தால் நான் காத்திருக்க முடியாது. மிஷினை வேறு ஆள் கேட்கிறார்.'

"தைக்கு இன்னும் நாள் கிடக்கு" என்று கடிதத்தை மடித்தார். "அதுக்குள்ள கிடைக்காமலா போயிரும்?"

வீட்டில் நான் தை என்று சொல்லிவிட்டேன். என் சம்சாரம் அம்மிக்கல்லை அங்கே வாங்கிக்கொள்ளலாமா, இங்கிருந்தே எடுத்துப் போகவேண்டுமா என்று கேட்டாள்.

நவராத்திரியின் பூஜைவைப்பு வந்தது. எங்கள் அச்சாபீஸில் அஷ்டமியன்று எல்லா எழுத்தையும் கழுவி, மிஷினைத் துடைத்து, சரஸ்வதி படத்தின்முன் அவரவர் கருவிகளை வைத்துவிடுவோம். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது, வாசிக்கக்கூடாது. அவர் தம் நோட்டீஸை முழுசாகப் பிரித்து, பாதம் வைத்த எழுத்துகளை வாழையிலையில் வரிசையாக நிறுத்தினார். நாலு ஆரும் பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றும் ஓரடி எடுத்துவைத்தபடி. தலையில் சந்தனம் இட்டார். பிறகு கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

படம் வைக்கும் பலகைமேல் அவருடைய முறுக்கான் பை கிடந்தது. அதை எப்போதும் இடுப்பிலேயே செருகியிருப்பார்; யாரையும் தொடவிடமாட்டார். எச்சில் பை பூஜைப் பலகையில் கிடக்கிறதே என்று ஓரமாக வைக்க எடுத்தேன்.

பை கனத்தது. பாக்கும் சுண்ணாம்பு டப்பியும் அவ்வளவு கனக்காது. எட்டு வருஷமாக ஈயத்தோடு பழகிய விரல் எனக்கும் உண்டு. துணிக்கு மேலேயே தெரிந்துவிட்டது. இன்னொருவர் பையை நான் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

எண்ணெய்த் துணியில் சுற்றி இருந்தது. அதே பட்டைப் பாதம். அதே குடும்பம். ஓரடி எடுத்து வைத்த வலது கால். மற்ற நாலும் எத்தனை கழுவினாலும் கறுப்பு ஏறி, ஓரம் மழுங்கிப் போனவை. இது புதுப் பாத்திரம்போல் பளபளத்தது. ஒரு நாடகத்துக்கோ, ஏலத்துக்கோ, தோட்டத்து எச்சரிக்கைக்கோ போகாதது. ஒரு தடவைகூட மை படாதது.

பின்வாசல் பக்கம் வாளித் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். ஏழு வருஷமாக இந்த எழுத்துக்குத்தான் காத்திருந்தோம், என் சம்சாரம் அம்மிக்கல் வரை போயிருந்தாள். இதைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டி, "இதோ இருக்கு, கிளம்புங்கோ" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கிளம்பித்தான் ஆகவேண்டும். நானும் கிளம்பியாகவேண்டும். தெரியாத ஊரில், தெரியாத ஆட்களிடம் உரக்கப் பேசுகிற மானேஜர். இரவல் கேட்கப் போன அன்று என்னைச் சுற்றி நின்று சிரித்த முகங்கள் ஞாபகம் வந்தன. மாமனார் வீட்டு அண்டா குண்டான்கள் ஞாபகம் வந்தன. அவற்றில் எது எங்கே இருக்கும் என்று எனக்கு இருட்டில்கூடத் தெரியும்.

எனக்கு வந்தது நிம்மதிதான் என்பதை இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

எண்ணெய்த் துணியை இருந்தபடியே சுற்றி, பாக்குகளுக்கு அடியில் வைத்து, பையை ஆணியில் மாட்டினேன். ஈரத் துண்டோடு வந்தவர் முதலில் பலகையைப் பார்த்தார். பிறகு ஆணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாழையிலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

தை பிறந்து சில நாளில், மிஷினை வேறு ஆள் எடுத்துப் போய்விட்டதாகக் கோட்டாற்றிலிருந்து கார்டு வந்தது. அதையும் நான்தான் வாசித்தேன். கூட்டி வாசிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. அதெல்லாம் பின்னால். இப்போது என் மனதில் நிற்பது விஜயதசமி காலை.

படத்துக்குக் கற்பூரம் காட்டி, எல்லாரும் பொரி வாயில் போட்டுக்கொண்டு, அவரவர் கருவியை எடுத்தோம். முதல்முதலாக என்ன கோக்கிறோமோ அது அந்த வருஷமெல்லாம் பெருகும் என்பார்கள். அவர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தம் நோட்டீஸைத் திரும்பக் கோக்கத் தொடங்கினார். சந்தனம் காய்ந்த தலைகளைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாக நிறுத்தினார். பிரிண்டிங். பிரஸ். ஊர். பெயர். புரொப்பரைட்டரின் கடைசி இடத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. இன்னொரு கை இடுப்பிலிருந்த பைமேல் இருந்தது. தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"ஒரு ஆர் குறையுதே வே சாமி."

"தேடுவோம் அண்ணாச்சி" என்றேன். "எங்கே போயிடப் போறது?"

மிஷின் பக்கத்திலிருந்து முதலாளி திரும்பிப் பார்த்தார். அவ்வளவு உரக்க நான் அங்கே பேசியதில்லை.

அவர் இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பதினெட்டுல பேசுதீரே இன்னைக்கு" என்றார். சிரிப்பாகச் சொல்லவில்லை.

ஓர் எழுத்தை எடுத்துத் தலைகீழாக அந்த இடத்தில் நட்டார். கயிற்றைச் சுற்றினார். ஒரு முனையை என் பக்கம் நீட்டி, "பிடியும்" என்றார்.

நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கட்டினார்.